செங்கழுகு சாமுராய் குலத்தின் மூத்த அண்ணன்

அண்ணாச்சி, அந்த ஜன்னல மட்டும் சாத்திராதீக. பஸ்ல காத்து வரலன்னா எனக்குக் குமட்டிரும். கோவில்பட்டிக்கா? நானும் அங்கதான். அப்ப முக்கா மணி நேரம் இருக்கு. நீங்க ஏறுனதுல இருந்து என் பனியனையே பாத்துட்டு வாரீக, நானும் கவனிச்சுட்டுத்தான் இருக்கேன். கேக்க வேண்டியதுதான? இதுல என்ன கூச்சம். 'செங்கழுகு சாமுராய் குலம், திருவேங்கடம். நிறுவனர் மற்றும் மூத்த அண்ணன்.' ஆமா, அது நாந்தான். பேரு சீனிராசு.

சிரிங்க, சிரிங்க. எல்லாரும் முதல்ல சிரிப்பாக. எங்க ஊர்லயும் சிரிச்சாக. சிரிச்சவுகதான் பொறவு வீட்டுப் பிள்ளைகளக் கொண்டாந்து சேத்துவிட்டாக. அறுவத்து மூணு பேரு அண்ணாச்சி. நாயன்மாரு கணக்கு. ஒண்ணுமே இல்லாம ஆரம்பிச்சு ஒன்றரை வருசத்துல அறுவத்து மூணு பேரு. வேற எவனாவது செஞ்சிருக்கானா சொல்லுங்க. ஆனா அந்தக் குலத்தால எனக்கு ஆனத நினைச்சா வயிறு எரியுது. முதல்ல இருந்து சொல்லுதேன், கேளுங்க.

நான் அடிப்படையில கராத்தே. கோவில்பட்டியில ஞானதுரை மாஸ்டர்னு ஒருத்தரு, அவர்ட்ட ஏழு வருசம் படிச்சேன். கருப்பு பெல்ட் பரீட்சைக்கு மூணு தடவ போனேன். மூணு தடவையும் அந்த மனுசன் குடுக்கல. ஓடு உடைக்கச் சொன்னாரு, உடைச்சேன். காலால உடைக்கச் சொன்னா கையால உடைச்சிட்டேன்னு குத்தம். உடைஞ்சுதா இல்லையா? ஓட்டுக்குத் தெரியுமா அது கையா காலான்னு? இதக் கேட்டதுக்கு, உனக்கு ஒழுக்கம் பத்தாதுன்னுட்டாரு. அவருக்கு என் மேல பொறாமை. நானா விலகிட்டேன். அவரு போர்டுல வேற மாதிரி எழுதிப் போட்டிருந்தாரு, அத விடுங்க.

ஆனா உண்மையச் சொல்லணும்ல? நான் குலம் ஆரம்பிச்சது ஆவுடைக்காக. ஆவுடைச்செல்வி. எங்க ஊர் மாவு மில்லு பூதத்தான் மாமா மக. டிப்ளமா முடிச்சவ. அவுக அப்பாவுக்கு முட்டுவலி வந்ததும் மில்லு அவ கைக்கு வந்துட்டு. எந்நேரமும் முகமெல்லாம் மாவாத்தான் இருக்கும். அந்த வெள்ளைக்குள்ள இருந்து ரெண்டு கண்ணு மட்டும் நம்மளப் பாக்கும். எனக்கு அது போதும் அண்ணாச்சி. அரைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாட்டாலும் மில்லுப் பக்கம் போவேன். அவ எங்கிட்டப் பேசுன பேச்சு ஒண்ணே ஒண்ணுதான். "மாவு ரெடி"ம்பா. அதுல ஒரு பிரியம் இருக்கும்.

முறையும் சரியா வரும். அவுக அப்பா எங்க அம்மாவுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன். கட்டிக்கிற முறைதான். நான் எங்க அம்மாவ அனுப்பிப் பொண்ணு கேட்டேன். அந்த மனுசன் காப்பி எல்லாம் குடுத்துட்டு, "ஏ தங்கச்சி, உன் மகன் நல்ல பயதான். ஆனா அவன் யாருன்னு ஊர்ல ஒருத்தன் கேட்டா நான் என்ன சொல்ல? அவன் பின்னால நாலு பேரு நிக்கானா? ஒரு ஆளா வரட்டும், ரெண்டு வருசம் பொறுக்கேன்"னு சொல்லி அனுப்பிட்டாரு. நாலு பேருதான? நாப்பது பேர நிப்பாட்டிக் காட்டுதேன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

கராத்தே கிளாஸ் போட்டா ஞானதுரை வந்து சர்டிபிகேட் எங்கம்பான். சாமுராய்க்கு நம்ம தாலுகாவுல யாரு வந்து சர்டிபிகேட் கேக்கப் போறா? அதான் சாமுராய்.

என் கூட்டாளி மாரிக்கனி ஃபிளெக்ஸ் கடை வச்சிருக்கான். அவன்தான் ரெண்டாவது உறுப்பினர். நான் தலைவன், அவன் படை. ரெண்டு பேரா நின்னா குலம்னு யாரு நம்புவா? "மாப்ள, ஆள் வந்தாத்தான் ஃபிளெக்ஸா? ஃபிளெக்ஸ் வச்சா ஆள் வரும்"னு சொன்னான். கம்ப்யூட்டர்ல பழைய போட்டோ கிடந்துச்சு. காதுகுத்து, கிரகப்பிரவேசம், மஞ்சள் நீராட்டுன்னு எல்லா ஃபிளெக்ஸ்லயும் இருந்து ஆம்பளைகளா வெட்டி எடுத்து, நாப்பது தலை ஒட்டி, நடுவுல என்னப் பெருசாப் போட்டு, 'செங்கழுகு சாமுராய் குலம் அழைக்கிறது'ன்னு பஸ் ஸ்டாண்டுல கட்டிட்டான். பிரமாதமா இருந்துச்சு.

என்ன ஒண்ணு, அவசரத்துல கண்ணீர் அஞ்சலி ஃபைல்ல இருந்தும் ரெண்டு தலைய எடுத்துட்டான். செத்துப்போன பலசரக்குக் கடை வீரபெருமாள் அண்ணாச்சி மூணாவது வரிசையில வாள் பிடிச்சுட்டு நிக்காரு. அவரு மகன் முருகேசன் சண்டைக்கு வந்துட்டான். "எங்கப்பா எப்பலே சாமுராய் ஆனாரு?" நான் அசரல. "உங்கப்பா ரகசிய உறுப்பினர். வீட்டுல சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருந்தாரு. அவரு இடம் காலியாத்தான் இருக்கு"ன்னேன். அவன் ஃபிளெக்ஸையே ரொம்ப நேரம் பாத்தான். கண்ணத் துடைச்சான். மறுநாள் அப்பா இடத்துக்கு அவன் சேந்துட்டான். மூணாவது உறுப்பினர்.

அப்படியே வந்தானுக. ஒருத்தனப் பாத்து ஒருத்தன். அடுத்தாப்புல பரம்பரை வேணும்ல? பக்கத்து ஸ்பின்னிங் மில்லுக்கு மிஷின் மாட்ட ஒரு ஜப்பான்காரரு வந்திருந்தாரு. ஹிரோஷின்னு பேரு. நல்ல மனுசன். மில்லுல எடுத்த குரூப் போட்டோவுல டீ கிளாஸ வச்சுட்டு நின்னாரு. மாரிக்கனி கிளாஸ எடுத்துட்டு வாளக் குடுத்தான். பிரேம் போட்டு மாலை போட்டு, 'ஆதிகுரு' ஆக்கிட்டோம். வரலாறு நான் எழுதுனேன். அந்தக் காலத்துல தூத்துக்குடிப் பக்கம் ஒரு கப்பல் கவுந்துச்சு, அதுல இருந்து ஒத்த சாமுராய் நீந்தி வந்து, கரிசக்காட்டுல நடந்து நடந்து நம்ம ஊர்ல வந்து தண்ணி குடிச்சான்னு. எந்த வருசம்னு கேட்டானுக. "ஜப்பான் வருசம் வேற கணக்கு"ன்னுட்டேன்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஒரு நாள் டீக்கடை லிங்கம் ஒரு கேள்வி கேட்டாரு பாருங்க. கிளாஸக் கழுவிக்கிட்டே, "ஏம்ப்பா சீனி, குலம்னு போட்டிருக்க. உங்க குலதெய்வம் எது?"

கடையில இருந்த அத்தன பேரும் என்னப் பாக்கான். ஞானதுரைக்கு வராத கேள்வி அண்ணாச்சி அது. எனக்கு வந்துச்சு. ஏன்னா நான் ஆரம்பிச்சது கிளாஸ் இல்ல, குலம். தெய்வம் இல்லாம குலம் எப்படி நிக்கும்? நம்ம ஆளுக, துப்பாக்கி வச்சிருந்தாலும் நம்ப மாட்டாக, மாசிக் கடைசியில எந்தச் சாமிக்குப் பொங்கல் வைப்பன்னுதான் கேப்பாக.

ஓடைக்கரையில வேப்பமரத்தடியில ஒரு கல்லு கிடந்துச்சு. ரோடு போட்டவன் விட்டுட்டுப் போன மைல்கல். 'சங்கரன்கோவில் 21'ன்னு எழுதிருக்கும். அந்தப் பக்கத்த மரத்துப் பக்கமாத் திருப்பி நட்டோம். மஞ்சள் பூசி, செவப்புத் துண்டு கட்டி, முன்னால ஒரு வாளச் சொருகி, 'வாளேந்திச் சாமி'ன்னு பேரு வச்சோம். மறுவாரம் போயிப் பாக்கேன், எவளோ எலுமிச்சம்பழம் வச்சுட்டுப் போயிருக்கா. அடுத்த வாரம் சேவல். எங்க ஊர்க்காரங்க ஒரு சாமியச் சும்மா இருக்க விடமாட்டாக.

சாமி வந்ததும் மதிப்பு வந்துட்டு. ஊராட்சித் தலைவர் கூப்பிட்டு, "சுதந்திர தினத்துக்கு உங்க குலம் அணிவகுப்புல வரட்டும். ஆனா பொம்பளப் பிள்ளைகளும் இருக்கணும், வெறும் தடிப்பயலுகளாக் கூட்டிட்டு வராத"ன்னாரு. எங்கிட்ட இருக்கது இருவத்தி ரெண்டும் தடிப்பயலுகதான். காலேஜுக்குப் போற பிள்ளைக, தீப்பெட்டி ஆபீசுக்குப் போற பிள்ளைக, எவ்வளவோ கேட்டுப் பாத்தேன். வீட்டுல விடமாட்டேன்னுட்டாக.

ஆவுடைகிட்ட யோசனை கேக்கலாம்னு மில்லுக்குப் போனேன். ஒரு சாக்குதான, உங்களுக்குத் தெரியாததா. நான் சொல்லச் சொல்ல அவ மிஷின நிப்பாட்டுனா. எனக்காக மிஷின நிப்பாட்டுனது அன்னைக்குத்தான் முதத் தடவ. பொறவு, "வீட்டுல ஏன் விடமாட்டாக? பயலுகள நினைச்சுப் பயம். குலம்னா எல்லாரும் பங்காளிதான? ஒரு வயித்துப் பிள்ளைக மாதிரிதான? சாமி முன்னால கற்பூரம் ஏத்தி, இங்க எல்லாரும் அண்ணன் தங்கச்சின்னு ஒவ்வொருத்தரும் தொட்டுச் சத்தியம் பண்ணுங்க. பொறவு பாருங்க, ஊரே அனுப்பும். முதல் ஆளா நான் வாரேன்"னா.

என்ன மூளை பாருங்க! அவளே வாரேங்கா, அதுவும் முதல் ஆளா! என்ன பிரியம் இருந்தா ஒரு பிள்ள இப்படிச் சொல்லும்?

ஆடி வெள்ளிக்கிழமை வச்சோம். ஊரே ஓடைக்கரைக்கு வந்துட்டு. கற்பூரத்த ஏத்துனதும் ஆவுடை வந்தா, தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. என் கையில செவப்புக் கயித்தக் கட்டி, "சீனி அண்ணே, இன்னைல இருந்து நான் உங்க கூடப்பொறந்தவ"ன்னா. பொம்பளைக குலவை போட்டாக. எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா கூட்டத்துக்காகச் சொல்லுதா, நமக்குள்ள தெரியாதான்னு நினைச்சுக்கிட்டேன். பள்ளிக்கூடத்துல 'அனைவரும் என் உடன்பிறந்தோர்'னு உறுதிமொழி சொல்லுதோம். அதுக்காக நாட்டுல கல்யாணம் நடக்காமலா இருக்கு?

ஆனா கூட்டம் வந்துச்சு அண்ணாச்சி, அத மறைக்க மாட்டேன். ரெண்டே மாசம். அறுவத்து மூணு பேரு, அதுல இருவத்தியேழு பொம்பளப் பிள்ளைக. நடுவுல வந்த சுதந்திர தின அணிவகுப்புல ஆவுடை முன்னால கொடி பிடிச்சா. எனக்குத் தலைவர் பக்கத்துல நாற்காலி. எட்டிப் பாத்து ஞானதுரையத் தேடுனேன், வரல.

மாரிக்கனிக்கு மட்டும் அந்த நேரத்துல என்னமோ ஒரு சீக்கு. தாடி வளத்துட்டான். எதுக்கெடுத்தாலும் பெருமூச்சு. ஆனா சாப்பாட்டுல குறையில்ல, ஒண்ணு விட்டு ஒரு நாள் ஒரு கிலோ கோதுமையத் தூக்கிட்டு மில்லுக்குப் போவான். அவுக வீட்டுல அவ்வளவு சப்பாத்தி. ஒழுக்கமான பய, ஆவுடைய நாங்க எல்லாரும் தங்கச்சி தங்கச்சின்னு கூப்பிடுவோம், அவன் மட்டும் 'வாங்க, போங்க'தான். அவ்வளவு மரியாதை.

தைக்கு அப்புறம் தட்டு, பூ, பழத்தோட பூதத்தான் மாமா வீட்டுக்குப் போனேன். பின்னால முப்பது பேரு, யூனிபார்ம்ல. "மாமா, நாலு பேரு கேட்டீக. எண்ணிப் பாத்துக்கிடுங்க"ன்னேன்.

அவரு தட்டப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. நிசமாவே வருத்தமாத்தான் சொன்னாரு. "சீனி, நீ ஆளாயிட்ட. நான் வாயத் திறந்து சொல்லுதேன், இந்த ஊர்ல உன்ன மாதிரி ஆளு இல்ல. ஆனா என்னய மாமான்னு கூப்பிடாத. சாமி முன்னால, ஊர் முன்னால, என் மக உனக்குத் தங்கச்சி ஆயிட்டா. பங்காளிக்குள்ள பொண்ணு குடுத்தா ஊரு காறித் துப்பாதா? அந்தச் சத்தியத்த நம்பித்தான இருவத்தியேழு வீட்டுல பிள்ளைய அனுப்பிருக்கான்? நீயே உடைச்சா நாளைக்கு எவன் அனுப்புவான்?"

"மாமா, அது வெறும் மைல்கல்லு"ன்னேன்.

"அப்படிச் சொல்லாதப்பா. போன மாசம் என் முட்டுவலிக்கு நேந்துக்கிட்டேன், கேட்டுச்சு"ன்னாரு.

முடிஞ்சுது. அவள அடையுறதுக்காகக் கட்டுன குலம், அவளத் தங்கச்சியாக்கிக் கையில குடுத்துட்டு. பொறப்புல சரியா இருந்த முறைய நானே கல்ல நட்டுக் கெடுத்திருக்கேன். ஓடைக்கரையில போயி உக்காந்து அழுதேன் அண்ணாச்சி. ஆனா அழுதுட்டே இருக்க ஆளா நானு? அழும்போதே யோசனை வந்துட்டு.

ஒரே குலத்துக்குள்ள எடுக்கக்கூடாது. சரி. ரெண்டு குலமா இருந்தா? பெருகிப் போன குலம் பிரியுறது எங்கயும் உள்ளதுதான. செங்கழுகு ஒண்ணு, கருங்கழுகு ஒண்ணு. இவுக அவுகளுக்கு மாமன் மச்சான். கொடுக்கலாம், எடுக்கலாம். ஜப்பான்லயும் இப்படித்தான்னு சொன்னேன். மாரிக்கனிகிட்ட முதல்ல சொன்னேன். அவன் என்னக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டான். "உனக்கே கோயில் கட்டலாம்ணே"ன்னான். அன்னைக்கே தாடிய எடுத்துட்டான். குலத்து மேல அவ்வளவு பற்று.

பட்டியல் நாந்தான் போட்டேன். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னு ஆணும் பொண்ணுமாக் கலந்து போட்டேன். கருங்கழுகுக்கு நான், இந்தப் பனியன மட்டும் மாத்தல. செங்கழுகுக்கு மாரிக்கனி. ஆவுடைய அவன் பக்கம் போட்டேன். அவளுக்கு அண்ணன் ஸ்தானத்துல நம்பிக்கையான ஒருத்தன் வேணும்ல? அவனவிட யாரு இருக்கா?

பங்குனி உத்திரத்தன்னைக்கு ஊர் கூடி இருக்கும்போது பட்டியல வாசிச்சேன். வாசிச்சதும் ஆறேழு பயலுக வந்து, என்ன அந்தப் பக்கம் மாத்துங்கண்ணே, அவள இந்தப் பக்கம் மாத்துங்கண்ணேன்னு கெஞ்சுதானுக. எல்லாத்துக்கும் உள்நோக்கம் அண்ணாச்சி. எனக்கு ஒருத்தனுக்குத்தான் கொள்கை. "மாத்தணும்னு நினைக்கிறவுக இப்பவே சொல்லிருங்க. கற்பூரம் ஏத்திட்டா அப்புறம் மாத்த முடியாது"ன்னு மைக்ல சொன்னேன். ஒரு நியாயம் வேணும்ல.

ஆவுடை எந்திரிச்சா. மாவு இல்லாத முகம், பட்டுப் பாவாடை தாவணி, பாக்க அம்புட்டு லட்சணமா இருந்தா. எம்பக்கம் நடந்து வந்தா. மைக்க வாங்குனா. "என் கையால கயிறு கட்டுன அண்ணன விட்டுட்டு நான் எங்க போவேன்? சீனி அண்ணன் எந்தக் குலமோ நானும் அந்தக் குலந்தான்"னு சொல்லிட்டு, எம்பக்கத்துல வந்து நின்னுட்டா.

குலவைன்னா குலவை, காது கிழிஞ்சுபோச்சு. பூதத்தான் மாமா துண்டால கண்ணத் துடைக்காரு. ஊராட்சித் தலைவர் கை தட்டுதாரு. நான் என்ன சொல்ல முடியும்? 'ஏட்டி, அந்தப் பக்கம் போ'ங்க முடியுமா? நிறுவனர், மூத்த அண்ணன், அத்தன பேரு மதிக்கிற ஆளு. தலையில கைய வச்சு ஆசீர்வாதம் பண்ணுனேன். கற்பூரத்த ஏத்துனாக.

எட்டாவது நாளு, மாரிக்கனி வீட்டுல இருந்து ஆவுடையப் பொண்ணு கேட்டு வந்துட்டாக. செங்கழுகு, கருங்கழுகு, முறை சுத்தமா வருது. பூதத்தான் மாமா சரின்னுட்டாரு. ஆளு வேற ஃபிளெக்ஸ் கடை முதலாளி.

மாரிக்கனியக் கடையில போயிப் பிடிச்சேன். "ஏலே, கோதுமைக்கா போன?"

"மச்சான், எங்க வீட்டுல யாரும் சப்பாத்தியே திங்க மாட்டோம். அவ்வளவு மாவையும் போஸ்டர் பசைக்குத்தான் காய்ச்சுனேன்"னான். மச்சானாம். அடிச்சிருப்பேன், ஆனா ஃபிளெக்ஸ் மிஷின்ல என் படந்தான் ஓடிட்டிருந்துச்சு.

மில்லுக்குப் போனேன். அவ மிஷின நிப்பாட்டுனா. "ஆவுடை, நான் இதெல்லாம் உனக்காகத்தான் பண்ணுனேன். தெரியுமா?"ன்னு கேட்டேன்.

"தெரியும்ணே. உங்க அம்மாவ அனுப்புனீகளே, அன்னைல இருந்து தெரியும்."

"பொறவு ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

அவ கோவப்படல. அதான் எனக்கு இன்னும் தாங்கல. "நீங்க எங்க கேட்டீக? எங்க அப்பாகிட்டக் கேட்டீக. ஊர்கிட்டக் கேட்டீக. கல்ல நட்டு அதுகிட்டயும் கேட்டீக. எங்கிட்ட ஒரு நாள் கேட்டிருந்தா, எனக்கு விருப்பம் இல்லன்னு அன்னைக்கே சொல்லிருப்பேன். உங்களுக்கு இவ்வளவு பாடும் இருந்திருக்காது"ன்னா. சொல்லிட்டு மிஷினப் போட்டுட்டா. அந்தச் சத்தத்துல பொறவு என்னத்தப் பேச?

நல்லவேளை கேக்கல அண்ணாச்சி. நீங்களே சொல்லுங்க, கேட்டிருந்தா ஊருக்கு ஒரு குலம் கிடைச்சிருக்குமா?

கல்யாணம் போன வைகாசியில. பொண்ணுக்குக் கூடப்பொறந்தவன் கிடையாது. மாப்பிள்ள அழைப்புல மச்சினன்தான் மாலை போட்டு, கையப் பிடிச்சு மேடைக்குக் கூட்டிட்டு வரணும். யாரு போடுவா? அறுவத்திரண்டு பேரும் திரும்பி என்னப் பாத்தானுக. போட்டேன். கையப் பிடிச்சேன். மண்டப வாசல்ல இருந்து மேடை வரைக்கும் அவனக் கூட்டிட்டு நடந்தேன். கொட்டு மேளம், பூ, பன்னீரு. அவ்வளவு தூரம் ஒரு ஆளு நடுங்காம நடக்கது லேசா?

என் கைதான் நடுங்குச்சுன்னு மாரிக்கனி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதான். உங்ககிட்ட எவனும் சொன்னா நம்பாதீக அண்ணாச்சி. நடுங்குனது அவன் கைதான். பிடிச்சிருந்த எனக்குத் தெரியாதா?